நோபோர்னீன் வளையம் திறக்கிறது, சங்கிலியின் எடைதான் சொல்வழி கேட்கவில்லை

வாவிக்கரை (மட்டக்களப்பு) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இறுதி வருட ஆய்வுக்கு வளையத் திறப்பு மெற்றாதெசிஸ் பல்பகுதியாக்கம் எடுத்திருக்கிறேன், அதாவது சின்ன வளைய மூலக்கூறுகளை ஊக்கியால் திறந்து நீளச் சங்கிலியாகக் கோர்ப்பது. மேற்பார்வையாளர் ஊரில் இல்லாத நேரம் பார்த்துச் சிக்கல் வந்திருக்கிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

செய்தது இதுதான். நோபோர்னீன் 188 மில்லிகிராம், அதாவது 2 மில்லிமோல். இரண்டாம் தலைமுறை கிரப்ஸ் ஊக்கி (உருதேனியம் என்ற உலோகம் உள்ளது) 17 மில்லிகிராம், அது 0.02 மில்லிமோல். ஆக நூறு நோபோர்னீனுக்கு ஒரு ஊக்கி. 10 மில்லிலீற்றர் இருகுளோரோமெதேனில், நைதரசன் பலூன் போட்டு, அறை வெப்பநிலையில். ஊக்கியை விட்டதும் சில நிமிடத்திலேயே கரைசல் தேன் மாதிரித் தடித்துவிட்டது, காந்தக்குச்சி சுற்றக் கஷ்டப்பட்டது. முழுதாக முடியட்டும் என்று இரவு முழுக்க விட்டு, காலையில் எதைல் வைனைல் ஈதர் போட்டு நிறுத்தி, மெதனோலில் ஊற்றினேன். வெள்ளை நார் நாராக அழகாக வந்தது, படம்கூட எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரு ஊக்கி மூலக்கூறுக்கு ஒரு சங்கிலி என்றால் எடை 9,400 அளவில் வரவேண்டும். ஜீபிசி (சங்கிலியின் எடையை அளக்கும் கருவி) இங்கே இல்லை, கொழும்புப் பக்கம் அனுப்பி இரண்டு கிழமை காத்திருந்து பார்த்தால் 58,000! பீடிஐ, அதாவது சங்கிலி நீளங்கள் எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு (எல்லாம் ஒரே நீளமென்றால் 1), 1.8. சரி, நிறுத்ததில் பிழை என்று நினைத்து ஊக்கியைப் பாதியாக்கி 8.5 மில்லிகிராமில் திரும்பச் செய்தேன். எடை இரண்டு மடங்காகவாவது வந்திருக்கவேண்டும், வந்ததோ 82,000. அதே பரந்த வளைவு.

"வாழும்" பல்பகுதியாக்கம், சங்கிலி முனை சாகாமல் வளர்ந்துகொண்டே இருக்கும், எடையை விகிதத்தால் கட்டுப்படுத்தலாம் என்றுதானே எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது? ஊக்கி பழுதா, நான் பழுதா?


வேளாண்மைக்காரன் (வந்தாறுமூலை, இப்போது வெளிநாட்டில்) எழுதியது:

தங்கச்சி, நீங்களும் பழுதில்லை ஊக்கியும் பழுதில்லை. பிழையான வேலைக்குச் சரியான ஊக்கியைப் பிடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். உங்கள் இரண்டு எண்களும் நல்ல எண்கள், அதில் பதில் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

வேளாண்மை வெட்டை நினைத்துப் பாருங்கள், மெசின் வராத காலத்து வெட்டு. ஒரு வயல், நூறு பேருக்குச் சொல்லியாயிற்று. நூறு பேரும் விடியற்காலை ஒன்றாக இறங்கினால் ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரே அளவு உப்பட்டி (வெட்டிப் போட்ட கதிர்) விழும். பதினைந்து பேர்தான் நேரத்துக்கு வந்தார்கள், மற்றவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வருகிறார்கள் என்றால்? முந்தி வந்தவன் வயலில் பாதியை வெட்டிவிடுவான், பிந்தி வந்தவனுக்கு வரம்போரம் நாலு கதிர், கடைசியாக வருபவனுக்கு ஒன்றுமே இல்லை. உப்பட்டிதான் சங்கிலி. ஆட்கள்தான் உங்கள் உருதேனியம்.

இரண்டாம் தலைமுறை ஊக்கி அந்த வெற்றிலைக் கூட்டம். அது வேலை தொடங்கவேண்டும் என்றால் முதலில் தன் உருதேனியத்தில் ஒட்டியிருக்கும் பொஸ்பீன் என்ற துணைக்குழுவைக் கழற்றவேண்டும். அந்தக் கழறல் முதலாம் தலைமுறையைவிட ஏறத்தாழ 70 மடங்கு மெதுவானது. பிறகு ஏன் எல்லோரும் இரண்டாம் தலைமுறை வேகமானது என்கிறார்கள் என்று கேட்பீர்கள், நானும் முதல் வருடம் இதே இடத்தில் குழம்பினேன். கழன்ற பிறகு நடப்பதில்தான் வித்தியாசம். முதலாம் தலைமுறையில் பொஸ்பீன் ஆயிரம் தடவை திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும், ஒலிபீனுக்கு, அதாவது இரட்டைப் பிணைப்புள்ள நோபோர்னீனுக்கு, இடமே கிடைக்காது. இரண்டாம் தலைமுறையில் பொஸ்பீனுக்கும் ஒலிபீனுக்கும் கிட்டத்தட்டச் சம வாய்ப்பு. ஆகவே பிந்தி எழும்புவான், ஆனால் எழும்பினால் பேய் மாதிரி வெட்டுவான். எடையைக் கட்டுப்படுத்த நினைப்பவருக்கு இதைவிட மோசமான ஆள் கிடையாது.

இனி உங்கள் எண்கள். ஊக்கியைப் பாதியாக்கினீர்கள், எடை இரட்டிக்கவில்லை, 82,000-ஐ 58,000-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.41. இரண்டின் வர்க்கமூலம்! தொடக்கம் மெதுவாகவும் வளர்ச்சி வேகமாகவும் இருக்கும்போது கணக்குப் போட்டால் எடை ஒருபகுதியத்துக்கும் (இங்கே நோபோர்னீன்) ஊக்கிக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும், விகிதத்தோடு அல்ல. தெரியாமலே நீங்கள் சரியான சோதனையைச் செய்துவிட்டீர்கள்.

இன்னொன்று. ஜீபிசி பொலிஸ்ரைரீனை வைத்து அளவிடுகிறது, பொலிநோபோர்னீனுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்கு கூட்டித்தான் காட்டும். அதனால் உண்மை எடை 27,000 பக்கத்தில் இருக்கும், அதாவது மூன்றில் ஒரு ஊக்கிதான் வேலைக்கு வந்திருக்கிறது. என்எம்ஆர் (ஐதரசன் அணுக்களின் சமிக்ஞையைக் காட்டும் கருவி) கையில் இருந்தால் ஒருபகுதியம் தீர்ந்த உடனே 19 பிபிஎம் பக்கம் பாருங்கள், தொடங்காத ஊக்கியின் காபீன் ஐதரசன் (உருதேனியத்தோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் காபனிலுள்ளது) அங்கேயே குந்திக்கொண்டிருக்கும்.


வாவிக்கரை எழுதியது:

அண்ணா, அந்த 1.41-ஐப் பார்த்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நான் அதை "இயந்திரப் பிழை" என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்!

என்எம்ஆருக்கும் கொழும்புதான். குழாயைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் போய்ச் சேர ஊக்கிக்கு என்ன மிஞ்சுமோ தெரியாது. ஆனால் ஒரு சந்தேகம், 1.8-உம் இந்த மெதுத் தொடக்கத்தால்தானா?


வேளாண்மைக்காரன் எழுதியது:

இல்லை, நல்ல கேள்வி. மெதுவான தொடக்கம் மட்டும் காரணமென்றால் பீடிஐ 1.3 பக்கத்திலேயே நின்றுவிடும். 1.8 என்றால் இன்னொரு கள்ளன் இருக்கிறான். அந்தக் கள்ளனுக்கு இரவு முழுக்கக் கதவைத் திறந்து வைத்தது நீங்கள்.

இந்தப் பல்பகுதியாக்கத்தில் இரட்டைப் பிணைப்பு அழிவதில்லை, வளையத்திலிருந்து சங்கிலிக்கு இடம் மாறுகிறது. அப்படியென்றால் சங்கிலி நெடுகிலும் இரட்டைப் பிணைப்பு. ஊக்கி உயிரோடு முனையில் இருக்கிறது, வயலில் கதிர் முடிந்துவிட்டது, சும்மா இருக்குமா? பக்கத்துச் சங்கிலியின் இரட்டைப் பிணைப்பில் கைவைக்கும், அவன் உப்பட்டியில் பாதியை இவன் உப்பட்டியில் போடும். தன் சங்கிலியையே திரும்பிக் கடித்துச் சின்ன வளையங்களையும் வெட்டி விடும். நோபோர்னீனில் பக்கக் கிளை எதுவும் இல்லாததால் முதுகெலும்பு திறந்த வெளி, அது இந்தச் சில்லறைக் களவுக்கு மிகவும் வசதி. பருத்த குழு ஒட்டியிருக்கும் நோபோர்னீன் இமைட்டுகளில் இது நன்றாகக் குறையும்.

ஒருபகுதியம் தீர்ந்ததும் எதைல் வைனைல் ஈதரைத் தாராளமாக விட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடவேண்டும். உங்களுக்குச் சில நிமிடத்தில் தடித்துவிட்டதென்றால் அந்தச் சில நிமிடத்தில் முடிந்துவிட்டது. "முழுதாக முடியட்டும்" என்ற நல்லெண்ணம்தான் கெடுத்தது.


கல்முனை வாத்தி எழுதியது:

பிள்ளை, நான் உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன், ஆய்வுகூட விசயத்தில் தம்பி சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்த இரட்டைப் பிணைப்பு இடம்மாறும் கதையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று பல வருடம் மண்டையை உடைத்தவன். 2005-இல் நோபல் அறிவித்தபோது அவர்களே சோடி மாற்றி ஆடும் நடனம் என்றுதான் விளக்கினார்கள். நமக்கு வசந்தன் கூத்து இருக்கிறது. கோலடித்துக்கொண்டே சோடி மாறுவதில் ஒரு கணம் நாலு பேரும் ஒரு சதுரமாக நிற்பார்களே, அதுதான் உலோகமும் மூன்று காபனும் சேர்ந்த நான்கு உறுப்பு வளையம். அடுத்த அடியில் சதுரம் உடையும், பழைய சோடி இல்லை. 1971-இல் பிரான்சில் ஷோவனும் எரிசனும் இதை எழுதும்வரைக்கும் எப்படி நடக்கிறது என்று ஆளுக்கொரு கதை. அதற்கு முதலே கம்பனிக்காரர்கள் தங்குதன், மொலிப்தனம் என்ற உலோகங்களையெல்லாம் போட்டுக் கலக்கி ஏதோ ரப்பர் மாதிரி எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். உள்ளே வேலை செய்வது எது என்று தெரியாமலே செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

ஒரு கேள்வி. அந்த நோபல் பெற்றவர்களில் ஒருவரான ஷ்ரொக்கின் மொலிப்தனம் ஊக்கிகள் நன்றாகத் தொடங்கும், எடையும் கட்டுப்படும் என்று படித்தேன். அதை ஏன் எடுக்கக்கூடாது? வளையம் வளைந்து நெரிபட்டு நிற்கும் அந்த இழுவிசைதானே தள்ளுகிறது, எந்த உலோகமானால் என்ன?


வேளாண்மைக்காரன் எழுதியது:

சேர், தள்ளுவது இழுவிசைதான், அதில் சந்தேகமில்லை. நோபோர்னீனில் மோலுக்கு 27 கிலோகலோரி அளவு அடைத்து வைத்திருக்கிறது, திறந்தால் திரும்பி மூடாது. சைக்கிளோபென்ரீனில் அது 7-க்குள், அதனால் வெப்பநிலையைக் கூட்டினாலோ ஐதாக்கினாலோ சங்கிலி திரும்ப வளையமாகிவிடும். சைக்கிளோஎக்சீனில் 2.5 அளவுதான், எந்த ஊக்கி போட்டாலும் படுத்துக் கிடக்கும். ஆனால் எத்தனை சங்கிலி, எவ்வளவு நீளம் என்பதை இழுவிசை தீர்மானிப்பதில்லை, அது முழுக்க ஊக்கியின் குணம்.

ஷ்ரொக் ஊக்கி தொடக்கத்தில் நல்ல பிள்ளைதான். ஆனால் ஒட்சிசனும் ஈரமும் பட்டால் செத்துவிடும், கையுறைப் பெட்டி இல்லாமல் தொடவே முடியாது. மார்கழியில் மட்டக்களப்பில் அலுமாரிச் சட்டையே பூஞ்சணம் பிடிக்கிறது, அங்கே அந்த மொலிப்தனம் ஊக்கியை நிறுப்பது பற்றி யோசியுங்கள். கிரப்ஸ் உருதேனியத்துக்குப் போனதே இந்தப் பொறுமைக்காகத்தான். 1988-இலேயே அவர் ஆய்வுகூடத்தில் சாதாரண உருதேனியம் குளோரைட்டை வைத்துத் தண்ணீரில் இந்த வேலையைச் செய்து காட்டினார்கள். தண்ணீரைக் கண்டு ஓடாத உலோகம் என்று தெரிந்த பிறகுதான் 1992-இல் முதல் உருதேனியக் காபீன் ஊக்கி, 1995-இல் இன்று நாம் முதலாம் தலைமுறை என்று சொல்வது, 1999-இல் இரண்டாவது.

தங்கச்சிக்கு வேண்டியது 2002-இல் வந்த மூன்றாம் தலைமுறை. பொஸ்பீனுக்குப் பதில் இரண்டு புரோமோபிரிடீன், லேசாகப் பிடித்துக்கொண்டிருக்கும், சொன்ன உடனே கழன்றுவிடும். இரண்டாம் தலைமுறையைவிடத் தொடக்கம் பத்து இலட்சம் மடங்குக்கும் மேல் வேகம். வாங்கத் தேவையில்லை, உங்கள் இரண்டாம் தலைமுறையிலிருந்தே செய்யலாம். கொஞ்சமாக எடுத்து, மிகையான 3-புரோமோபிரிடீனில் போட்டுக் கலக்குங்கள், ஐந்து நிமிடத்தில் சிவப்பு போய்ப் பச்சையாகும், குளிர்ந்த பென்ரேன் விட்டால் பச்சைத் தூளாக விழும். சாதாரண பிரிடீனிலும் நடக்கும், அதுவும் வேகமாகவே தொடங்கும். புகைப்போக்கிக்குள் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் மாடி முழுக்கத் திட்டுவார்கள்.

அதற்கும் வழியில்லை என்றால் முதலாம் தலைமுறையோடு மிகையான மும்பீனைல்பொஸ்பீன் சேர்த்துச் செய்வது ஒரு பழைய தந்திரம். வளர்ச்சியை இழுத்துப் பிடித்துத் தொடக்கத்துக்கு நேரம் கொடுக்கும். மலிவு, ஆனால் மெதுவு.


ஒலுவில் படகு வேலை எழுதியது:

நான் கெமிஸ்ட்ரி படித்தவன் இல்லை, பைபர் போட் திருத்துகிறவன். தங்கச்சி எழுதிய "சில நிமிடத்தில் தடித்தது" என்பதைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன். எங்களுக்கும் இதே சனியன்தான், உச்சி வெயிலில் ரெசினுக்கு ஹார்ட்னர் ஒரு மூடி கூடிவிட்டால் வாளியோடு இறுகிப் புகை வரும், தூரிகையும் போச்சு. இது அதே சாமானா? நீங்கள் செய்கிறதில் போட் கட்டலாமா?


வேளாண்மைக்காரன் எழுதியது:

காக்கா, இறுகுவது ஒன்றுபோலத் தெரியும், உள்ளே நடப்பது வேறு. உங்கள் ஹார்ட்னர் ஒரு பெரொட்சைட்டு, அது உடைந்து தனியுறுப்புகள் (சோடியில்லாத இலத்திரனோடு அலையும் துண்டுகள்) வரும், அவை பொலியெஸ்ரரில் உள்ள இரட்டைப் பிணைப்புகளையும் ஸ்ரைரீனையும் சேர்த்துத் தைத்துவிடும், தைத்த இடத்தில் இரட்டைப் பிணைப்பு முடிந்தது. எங்களுடையதில் வளையம் திறக்கும், பிணைப்பு அப்படியே இருக்கும். இரண்டிலும் சூடு வெளியே வரும், அது மட்டும் உறவு.

ஆனால் உங்கள் தொழிலுக்குப் பக்கத்தில் வரும் ஒரு சாமான் உண்டு, டைசைக்கிளோபென்ரடயீன். நோபோர்னீன் மாதிரியே ஒரு வளையம், அதோடு இன்னொரு வளையம் ஒட்டியிருக்கும். இதன் வளையத்தைத் திறந்தால் அடித்தாலும் உடையாத, குறுக்கே பிணைந்த பிளாஸ்ரிக் வரும். லொறி, டிராக்டருக்கு வெளி உடம்புப் பாகங்கள் செய்கிறார்கள், குளோரீன் ஆலைகளில் மூடி செய்கிறார்கள். இரண்டு திரவத்தைத் தண்ணீர் மாதிரி ஒரு மூடிய அச்சுக்குள் பம்ப் பண்ணுவார்கள், ஒன்றில் தங்குதன் அல்லது மொலிப்தனம் சேர்மம், மற்றதில் அலுமினியம் அல்கைல், உள்ளே சந்தித்த நிமிடங்களில் இறுகிவிடும். கடற்கரையில் திறந்த அச்சில் பாய் விரித்துத் தூரிகையால் பூசுவதற்கு அது சரிவராது, ஈரக்காற்றைக் கண்டால் அந்த ஊக்கிகளுக்கு வேலை ஓடாது. உருதேனியம் போட்டால் காற்றைத் தாங்கும், ஆனால் விலை தங்கக்கடைத் தராசில் நிறுக்கிற மாதிரி.

வேடிக்கை என்னவென்றால் உங்கள் பீப்பாய்க்குள்ளேயே டைசைக்கிளோபென்ரடயீன் இருக்கலாம். போட்டுக்கு விற்கும் பொலியெஸ்ரர் ரெசின்களில் ஒரு வகை அதைச் சேர்த்துத்தான் சமைக்கிறார்கள், சுருக்கம் குறையும் என்று. அது அங்கே வளையம் திறக்காமல் சங்கிலி முனையில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும்.

வாளியில் இறுகும் பிரச்சினைக்கும் இங்கே ஒரு நல்ல மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். 2018-இல் இலினோய் பல்கலைக்கழகத்தார் ஊக்கியோடு ஒரு அல்கைல் பொஸ்பைற்று சேர்த்தார்கள், அது உருதேனியத்தைத் தூங்க வைக்கும், மணிக்கணக்கில் திரவமாகவே இருக்கும். பிறகு ஒரு ஓரத்தில் சூடு காட்டினால் அந்த இடம் இறுகும், அந்தச் சூடு அடுத்த இடத்தை எழுப்பும், இப்படி ஓலைக் கீற்றில் நெருப்பு ஊர்வதுபோல மறுமுனை வரை தானே போகும். பெரிய அடுப்பு தேவையில்லை.


ஒலுவில் படகு வேலை எழுதியது:

ஓரத்தில் நெருப்புக் காட்டினால் முழு போட்டும் தானே இறுகுமா! இதைச் சொன்னால் எங்கட ஆட்கள் நான் வெயிலில் கூட நேரம் நின்றுவிட்டேன் என்பார்கள். விலை இறங்கினால் சொல்லுங்கள் தம்பி.


வாவிக்கரை எழுதியது:

ஒரு மாதத்துக்குப் பிறகு வருகிறேன், முடிவு சொல்லாமல் போனால் மரியாதை இல்லை.

புரோமோபிரிடீன் கிடைக்கவில்லை, சாதாரண பிரிடீனில் செய்தேன். அண்ணா சொன்னபடி பச்சையாக மாறியது, அந்த நிறம் வந்ததும் பக்கத்து மேசை ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். கவனிக்க ஒன்று, இந்தப் பிரிடீன் ஊக்கியின் மூலக்கூற்றுத் திணிவு 727, பழையது 849. முதல் தடவை பழைய எண்ணை வைத்தே நிறுத்துவிட்டேன், பிறகு பார்த்துத் திருத்தினேன்.

அறை வெப்பநிலையில் வெறும் நோபோர்னீனோடு இந்த ஊக்கியும் பக்கத்துச் சங்கிலியில் கைவைக்கும், குளிரில் செய்தால் அடங்கும், மறை 20 பாகைக்குப் போகலாம் என்று அண்ணா பிறகு தனியே எழுதியிருந்தார். நம்மிடம் குளிர்த்தொட்டி எங்கே? அப்பா கல்லடி மீன் வாடியில் ஐஸ் வாங்கித் தந்தார், இடித்துக் கல்லுப்பு போட்டுக் கலக்கினால் வெப்பமானி மறை 16 வரை இறங்கியது. ஆய்வுகூடம் முழுக்கச் சூடை மீன் வாசம், அது வேறு கதை. சில நிமிடம்தான் விட்டேன், ஆளை நகரவிடாமல் பக்கத்திலேயே நின்று ஈதரை ஊற்றினேன்.

கொழும்பிலிருந்து நேற்று வந்தது. நூறுக்கு ஒன்றில் 20,500, பீடிஐ 1.13. இருநூறுக்கு ஒன்றில் 41,000, பீடிஐ 1.15. இந்த முறை இரட்டித்தது.

குறிப்பேட்டில் "இயந்திரப் பிழை" என்று எழுதியதை வெட்டிவிட்டு வர்க்கமூலம் என்று எழுதியிருக்கிறேன். அடுத்தது இமைட்டு. ஐஸ் வாங்க அப்பாவைத் திரும்ப அனுப்பத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.